சுக்கானுக்குப் பக்கத்தில் தேசிக்காய்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஒரே ஒரு சொல். அதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் தொடர்கதை எழுதிப் பழகிய கை முக்கியமானதை ஒளித்து வைக்கவே பார்க்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கொட்டியாரக் குடாவில் சூரியன்...' (அடித்துவிட்டேன். சூரியன் ஒரு பிழையும் செய்யவில்லை.)

பிறகு இப்படி: '1961இல் திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் ஓடிய லாஞ்சில் சுக்கான் பிடித்தவர் ஸைனுலாப்தீன். அவருக்கு நெஞ்செரிவு.' இது உண்மை. நிற்கட்டும்.

2

அவர் குறிஞ்சாக்கேணிக்காரர். நான் லிங்கநகரில் குடியிருந்து, கிண்ணியாவில் ஒரு மொத்தக் கடையில் கிளாக்கராக இருந்தேன். தினமும் அவருடைய லாஞ்சில்தான் பயணம். டவுனில் அப்போதிக்கரி இராசதுரை அவரைச் சோதித்து, பாலில் கலந்து குடிக்கும்படி ஒரு வெள்ளைத் தூள் கொடுத்தார். டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரத்தில் ஸைனுலாப்தீன் கடலில் இருப்பார். அதனால் போத்தல் முடியும்போதெல்லாம் நான்தான் நிரப்பிக்கொண்டு போனேன்.

இரண்டாவது போத்தலின்போது என்னைச் சுக்கானடிக்குக் கூப்பிட்டார்.

"கிளாக்கர், ஒரே ஓங்காளம். காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா சத்தி, குடிச்சதெல்லாம் வெளியில வருது. கடலால இல்ல. அந்தத் தூள் குடிச்ச பொறகுதான். அப்போதிக்கரி ஐயாட்ட கேட்டுச் சொல்லுங்க. வேற ஆருக்கும் சொல்லிப் போடாதீங்க, மொதலாளி என்னை இறக்கிப் போடுவார்."

"ஓம் காக்கா, கேக்கிறன்" என்றேன். லாஞ்சில் எல்லோருக்கும் அவர் காக்கா, அண்ணன்.

(உண்மையில் அந்த நேரம் என் மனதில் ஓடியது... அது அடுத்த பகுதியில்.)

3

அந்த மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதை படுத்திருந்தது. அதில் ஒரு சுக்கான்காரரை நுழைத்தேன். பெயர் லாபிர். சின்ன அலை வந்தாலும் சத்தி எடுப்பார். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். எங்கள் தொழிலில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. வாசகர் கடிதங்கள் குவிந்தன. இன்னும் சில வாரம் லாபிரை விடாதீர்கள் என்று ஆசிரியர் எழுதினார்.

பத்திரிகையும் அதே லாஞ்சில்தான் கிண்ணியாவுக்குப் போனது. வாசித்தவர்களுக்கு லாபிர் யாரென்று உடனே புரிந்தது.

குமட்டலுக்கு மணந்து பார்க்கப் பயணிகள் தேசிக்காய் (எலுமிச்சை) வைத்திருப்பார்கள். மீன் வியாபாரி பக்கீர் ஒன்றைச் சுக்கானுக்குப் பக்கத்தில் வைத்து, "காக்கா, கடல் உங்களுக்குப் புதிசோ?" என்றார். மறுநாள் மூன்று கிடந்தன. அதற்கடுத்த நாள் நான் எண்ணவில்லை. ஸைனுலாப்தீனும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து லாஞ்சில் அவர் சத்தி எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வந்ததை விழுங்கினார். வீட்டில் போய் எடுத்தார். சத்தியோடு மருந்தும் வெளியே போய்விட்டது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னொரு கோப்பைப் பாலில் திரும்பவும் தூளைக் கலந்து குடித்தார்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வியைப் பற்றி என்னிடம் மறுபடி கேட்கவேயில்லை. லாபிரை எழுதியது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியாது. நான் எழுதியது புனைபெயரில்.

4

போத்தலை நிரப்பிக்கொண்டே இராசதுரை கேட்டார்.

"ஆள் எப்பிடி? ஓங்காளம், சத்தி ஏதும் இருக்கோ?"

"இல்லை."

ஒவ்வொரு போத்தலுக்கும் அவர் கேட்டார். மூன்று முறை நான் அதே சொல்லைச் சொன்னேன்.

ஏன்? முதல் காரணம்: இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். (அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லச் சொல்லித்தானே கேட்டார்.) இரண்டாவது: அத்தியாயத்தைத் தபாலில் சேர்க்க நேரமாகிவிட்டது. (ஒரு முறை, ஆம்.) மூன்றாவது: லாபிரின் சத்தி இன்னும் சில வாரங்களுக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவதை அடிக்கப் பேனாவை வைத்தேன். அடிக்க முடியவில்லை.

5

ஒரு நாள் சுக்கானிலேயே சரிந்தார். அவ்வளவு தூளும் அவ்வளவு பாலும் சேர்ந்து உடம்பில் நஞ்சாகி, சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முதல் சத்தியோடு மருந்தை நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாராம். பதினொரு நாள் இருந்தார்.

வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் 'ஓம்' என்கிறேன். இராசதுரை போத்தலைத் திருப்பி வாங்கி வைக்கிறார். அடுத்த கிழமை ஸைனுலாப்தீன் பக்கீரின் தேசிக்காயைக் கருவாட்டுக் கறியில் பிழிந்து சாப்பிடுகிறார். நன்றாகவே வந்திருந்தது. கிழித்தேன்.

6

நாற்பதாம் நாள் போனேன். அவருடைய மனைவி றுக்கியா இத்தாவில், கணவன் இறந்தபின் பிற ஆண்கள் முன் வராத நாட்களில், இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"சிரிச்ச சனத்துக்குள்ள நீங்க ஒராள்தான் அவருக்கு மருந்து சுமந்தீங்க, கிளாக்கர். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்."

திரைக்குக் கீழால் ஒரு போத்தல் வந்தது. கழுவித் துடைத்திருந்தார். டிஸ்பென்சரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

வாங்கிக்கொண்டு வந்தேன்.

றுக்கியாவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறார்களாம். இந்த இதழும் அந்த லாஞ்சில்தான் போகும். அந்த யாரோ நீங்களாக இருந்தால்: இரண்டாம் பகுதியை மட்டும் வாசித்தால், நான் மருந்து சுமந்தவனாகவே இருப்பேன், அவருக்கும் அது ஓர் ஆறுதல். முழுவதையும் வாசித்தால்...

எதுவரை வாசிப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையைச் சுலபமாக்க ஏதும் செய்ய என்னால் முடியவில்லை. புனைபெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

கதிரவேல்
லிங்கநகர்