யாகப்பனின் நாக்கு

செஞ்சி மாதாகோயிலில் பூசைக்கான திராட்சை ரசம் நல்லதா கெட்டதா என்று யாகப்பனின் நாக்குதான் தீர்ப்புச் சொல்லும். நடுராத்திரிக்கு மேல், பூசை முடிகிறவரை சாமியார் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அதனால் காலையில் ருசி பார்ப்பது கோயில்பிள்ளையான அவன் பொறுப்பு. இருபது வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஊரில் அந்த நாக்குக்கு இருந்த மரியாதை ஆளுக்கு இருந்ததில்லை.

இன்றைய பூசை அவன் மகன் தோமினிக்குக்கு. பர்மா சண்டையில் செத்தவன். உடம்பு வரவில்லை, தந்திதான் வந்தது. பீடத்தின் முன்னால் கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டியை வைத்திருந்தார்கள். யுத்தத்தில் கப்பல் நின்று சாதா ரசமும் இரண்டு மாசத்துக்கு முன்பே தீர்ந்து பூசையே நின்றுபோயிருந்ததால், அலமாரியில் மிஞ்சியிருந்த ஒரே போர்ட் ஒயின் புட்டியை ஆரோக்கியநாதர் சாமி எடுத்துக் கொடுத்திருந்தார். அது அறுபது வருஷத்துச் சரக்கு. மரப்பீப்பாயில் கிடந்து சிவப்பெல்லாம் போய்த் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. இதன் ஜோடிப் புட்டியை முன்பு ருசித்தபோது, அத்திப்பழமும் கருகின வெல்லமுமாக மத்தியானம் வரை நாக்கிலேயே நின்றது அவனுக்கு மறக்கவில்லை.

ஒரு மிடறு குடித்தான். ஒன்றுமில்லை. இன்னொரு மிடறு. தொண்டையில் சூடு இறங்கியதோடு சரி. ரசம் செத்துப்போயிருந்தது. செத்த ரசத்தில் வைக்கிற பூசை பூசையே ஆகாது, பிள்ளைக்குப் போய்ச் சேராது. கெட்டதை யாரும் தெரியாமல் பீடத்துக்கு எடுத்துவிடக் கூடாதென்று உடனே கொட்டிவிடுவது வழக்கம். புட்டியைப் பின்வாசல் மண்ணில் கவிழ்த்தான்.

பூசை இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று அவன் பெண்சாதி ஜோசப்பின் அங்கே வந்தாள். தந்தி வந்ததிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"இன்னா வாசனை இது? வெல்லம் காய்ச்சினாப்பல கோயில் பூரா மணக்குது. நம்ம புள்ள பூசைக்கா?"

யாகப்பன் குனிந்து ஈர மண்ணை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தான். வெறும் ஈரம்தான். போன மாசம் அவன் விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து குழம்பில் உப்பே இல்லை. பிள்ளை போன துக்கத்தில் பாவம், போட மறக்கிறாள் என்று வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தான்.

"நேத்து குழம்புல உப்பு போட்டியா?" என்று கேட்டான்.

"எப்பவும் போலத்தான் போட்டேன். ஏன்?"

அவள் பார்வை காலிப் புட்டிக்குப் போய், மண்ணுக்கு வந்து நின்றது. உள்ளே மணி அடித்தது. கறுப்பு உடுப்போடு சாமியார் கதவருகே வந்து, ரசம் எங்கே என்று கேட்டார்.

ஜோசப்பின் தரையில் உட்கார்ந்து அந்த மண்ணை முந்தானையில் அள்ளத் தொடங்கினாள்.