ரெண்டா, மூணா?

எங்கள் வீடு தாராவியில் ஒரு மாடி அறை. கீழே ஜீன்ஸ் தைக்கும் கார்கானா. சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணியில் ஏறித்தான் எங்கள் கதவுக்கு வரவேண்டும். மெஷின் சத்தத்தில் கதவைத் தட்டினால் கேட்காது. அதனால் என் அண்ணன் ஷகீல் ஏணியடியில் நின்று விசிலடிப்பான். சின்னதாக மூன்று சுரம்: சி-ரு-விட். உம்மா எழுந்து தாழ்ப்பாளை எடுப்பாள். அவள் தாமதித்தால் மறுபடியும் அடிப்பான். அப்போது மூன்றாவது சுரம் மட்டும் சிணுங்கலாக இழுக்கும்.

போன ஜூலை மழையில் மித்தி ஆறு ரோட்டுக்கு ஏறிய நாளில், பாந்திராவில் வேலை முடிந்து நடந்து வந்தவன் வீடு சேரவில்லை. அவன் பையும் ஒரு செருப்பும் கரையில் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து உம்மா கதவுக்குத் தாழ் போடவில்லை. ராத்திரியிலும் கதவு பாதி திறந்தே கிடக்கும். படுத்தால் ஏணியின் மேல்படி தெரியும். உம்மா அதைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பாள்.

உம்மாவின் அண்ணன் கரீம் பாட்சா மாமா வாரம் தவறாமல் வந்து சத்தம் போட்டார்.

"ஏ நூரு, வயசுக்கு வந்த புள்ளய வச்சிக்கிட்டு இப்படியா தொறந்து போட்டுக் கெடக்கது? மய்யித்து கெடைக்கலன்னாலும் அவனுக்குத் தொழுக வைக்கலாம். பள்ளிவாசல்ல பேசிட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லு."

"வாரவனுக்கு எதுக்கு மய்யித்துத் தொழுக?" என்றாள் உம்மா.

அக்டோபரில் அவன் விசில் வந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து பேன்ட்டுகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் வேலை. சி-ரு-விட். என் கை நின்றது. உம்மா அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். கீழே யாருமில்லை.

"ஒளிஞ்சு விளையாடுதான், பிசாசுப் பய" என்று சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு விசில் அடிக்கடி வந்தது, எப்போதும் பகலில். உம்மா இரண்டு பேர் சோற்றுக்குப் பதில் மூன்று பேர் சோறு வடித்தாள். மீந்ததைப் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி அக்கா எடுத்துப் போகும்போது, "உங்க வீட்டு விருந்தாளிக்குப் பசியே எடுக்காதாட்டி?" என்று கேலி செய்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டியோடு ஏணியில் இறங்கினாள்.

ஜன்னலுக்கு எதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதையே பார்த்துக் கிடந்தேன். டிசம்பரில் ஒருநாள் இலைக்குள் இலை நிறத்தில் ஏதோ நகர்ந்தது. கட்டைவிரல் அளவுக் குருவி. கண்ணுக்கு மேல் வெளுத்த கோடு. தொண்டை துடித்தது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

மொபைலில் தேடித் தேடிப் படித்தேன். அப்படி இரண்டு குருவிகள் உண்டு. இலைக் கதிர்க்குருவி, பச்சைக் கதிர்க்குருவி. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே புருவக்கோடு, சிறகில் ஒரே வெள்ளைக் கீற்று. பச்சைக்கு வயிற்றில் மஞ்சள் கொஞ்சம் கூடுதல். இறகு தேய்ந்துவிட்டால் அதுவும் தெரியாது. குரலை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். ஒன்று இரண்டாகக் கத்தும், சி-லீ. மற்றது மூன்றாக. இரண்டுமே குளிருக்கு வருபவை. ஏப்ரல் முடிவதற்குள் வடக்கே போய்விடும்.

உம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள். அவளே பார்க்கவேண்டும். பிப்ரவரியில் ஒரு காலை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய குப்பை மேட்டின் மேல் வளர்த்திருக்கும் காட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். தாழ்ந்த கிளைகள் இருக்கும் இடம் அதுதான்.

முதலில் வந்த குருவி எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்து கத்தியது. சி-லீ.

"இதுவா?" உம்மாவின் குரலில் நிம்மதி இருந்தது. "இது ரெண்டுல்லா சொல்லுது. எம்புள்ள மூணு சொல்லுவான்."

"இன்னொண்ணு இருக்கும்மா. கொஞ்சம் பொறு."

அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. வேறொன்று வந்தது, அதே நிறம், அதே கோடு. வாய் திறந்தது. சி-ரு-விட்.

உம்மா அசையவில்லை. குருவி மறுபடியும் கத்தியது. அந்தச் சின்ன அலகு திறந்து மூடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதத்தானாட்டி நான் இத்தன நாளும் கேட்டேன்?"

நான் தலையாட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அண்ணனுக்குத் தொழுகை வைத்தார்கள். அன்று சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா கதவுக்குத் தாழ் போட்டாள். அது துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் தள்ளவேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

மார்ச்சில் குரல்கள் குறைந்தன. ஏப்ரலில் ஒருநாள் மரத்தில் ஒன்றுமே இல்லை. ஜன்னலில் காதை வைத்துக் காத்திருந்து, இனி வராது என்று உறுதியானதும் எனக்கும் மூச்சு வந்தது.

இன்று மே மாதம், வெள்ளிக்கிழமை. கார்கானாக்காரர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். மெஷின்கள் நின்று சந்தே வெறிச்சோடிக் கிடந்தது. உம்மா தரையில் ஒருக்களித்துக் கண்ணயர்ந்திருந்தாள். நான் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சி-ரு-விட்.

மரத்தைப் பார்த்தேன். வெயிலில் ஒரு இலைகூட அசையவில்லை. சத்தம் மரத்திலிருந்து வரவில்லை. கீழே, ஏணியடியிலிருந்து வந்தது.

உம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்னட்டி அது?"

"குருவிம்மா."

"ரெண்டா, மூணா?"

இந்த மாதத்தில் இரண்டு குருவியும் இங்கே இருக்காது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

"ரெண்டும்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூச்சு மறுபடி சீரானது. நான் ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முயன்றேன். ஏணி லேசாக ஆடியது.

பிறகு இரண்டாவது முறை வந்தது. மூன்றாவது சுரம் சிணுங்கலாக இழுத்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, உம்மாவின் காலைத் தாண்டி, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்தேன்.