மொட்டை மாடித் தலைவர் பதவி

இதனால் இக்குடியிருப்பில் வசிக்கும் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மொட்டை மாடிக் கத்திரிச் செடிகளின் மீது காய்ப்புழுக்கள் இத்தனை நாளாக நடத்திவந்த அராஜகம் இன்றோடு முடிவுக்கு வருகிறது. வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்ளும்.

வரலாறு குறித்துக்கொண்டதோ இல்லையோ, லிஃப்ட் கதவில் இதை ஒட்டியவர் எட்ட நின்று இரண்டு முறை ரசித்துப் படித்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பால் தீர்ந்துபோனதைக்கூடச் சபையில் எழுந்து நின்று சொல்வதுபோல் சொல்வார் என்பதால் குடியிருப்பில் அவருக்குப் ‘பிரகடனம்’ என்று பெயர். அன்று மாலை மாடித்தோட்டச் சங்கத்துக்குத் தலைவர் தேர்வு. அந்த நாற்காலியில் அவர் மனசுக்குள் எப்போதோ உட்கார்ந்தாயிற்று.

குறுக்கே நின்றது ஒரே ஆள். அதுவும் சொந்தச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டிய பல் டாக்டர், இரண்டாம் தளத்துக்காரர். மருந்தை அடி, எல்லாம் சாகட்டும் என்பது அவர் கட்சி. அதற்கென்றே முதுகில் மாட்டும் தெளிப்பான் ஒன்றை வாங்கி, விண்வெளிக்குக் கிளம்புகிறவர்போல் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார்.

பிரகடனத்தின் கட்சி வேறு. வாடிய குருத்தைக் கிள்ளி அழி, ஓட்டை விழுந்த காயை அப்புறப்படுத்து, இனக்கவர்ச்சிப் பொறி வை. மருந்து கடைசிக்கும் கடைசி. பொறி அன்றுதான் வந்து சேர்ந்திருந்தது. அதன் சூட்சுமத்தை மனைவிக்கு விளக்கினார். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றியிருக்கிறார்கள். கல்யாணக் கனவோடு பறந்து வரும் ஆண் பூச்சி, பொறியின் பசையில் ஒட்டிக்கொள்ளும். பெண் பூச்சி காத்திருந்தே கிழவியாகிவிடும். முட்டை இல்லை, ஆகவே புழு இல்லை.

“கையுறை போட்டுட்டுத்தான் தொடணும்னு உறையில போட்டிருக்குங்க.”

“அதெல்லாம் விஷயம் தெரியாதவங்களுக்கு.”

ரப்பரை விரல்களுக்கிடையே உருட்டினார், மூக்கருகே கொண்டுபோனார், வாசனையே இல்லை என்று தீர்ப்பளித்தார். பொறியில் மாட்டிவிட்டு, விரல்களைச் சட்டையின் மார்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். தலைவர் பதவிக்கென்றே எடுத்த புதுச் சட்டை.

இருட்டியதும் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம் கூடியது. புழுக்கத்துக்குச் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பிரகடனம் எழுந்து, “பெரியோர்களே” என்று ஆரம்பித்தபோது முதல் பூச்சி வந்தது. சட்டைப் பைக்கு மேலே உட்கார்ந்து சிறகைப் படபடவென்று அடித்தது. கண்ணியம் குறையாமல் தட்டிவிட்டார். அது திரும்பி வந்தது, கூட்டாளிகளோடு. விளக்குக்கு வருகிறது போலிருக்கிறது என்று முதல் தள ஆசிரியை அவர் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கை அணைத்தார். பூச்சிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரகடனம் கூடத்தின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார். அவையும் தொண்டர்கள்போல் பின்னாலேயே போயின.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பதவி போகும். பதவியைத் தேர்ந்தெடுத்தார். இது தாம் முன்கூட்டியே திட்டமிட்ட செயல்முறை விளக்கம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்து, பொறியின் விஞ்ஞானம் முழுவதையும் எடுத்துரைத்தார்.

பல் டாக்டர் நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் குனிந்து அவர் சட்டையைப் பார்த்தார்.

“அப்ப இதெல்லாம் ஆம்பளைப் பூச்சிங்களா அண்ணா?”

“ஆமா தம்பி.”

“உங்களைப் பொண்ணுன்னு நெனச்சு வந்திருக்கு.”

“விஞ்ஞானப்படி பார்த்தா… ஆமா.”

“நல்ல இடமா இருந்தா முடிச்சிடலாம்ங்க,” என்றாள் பின்வரிசையிலிருந்து அவர் மனைவி.

கூடம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியவில்லை. பொறி வேலை செய்கிறது என்பதற்கான சாட்சிகள் அவர் மார்பின் மேல் படபடத்துக்கொண்டிருந்தன. பல் டாக்டரே தெளிப்பானைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, அண்ணன் சொல்வதுதான் சரி என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். தன் கொள்கைக்காக உயர்ந்த அத்தனை கைகளையும் பார்த்துப் பிரகடனத்துக்குக் கண் கலங்கியது. ஏற்புரையின் முதல் வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மருந்து அடிப்பதில்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவராகப் பல் டாக்டர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.