பழைய வீட்டில் எடுத்த போன்

தூத்துக்குடியில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால், அதை வாங்கும் சர்வர் முதலில் அனுப்பியவரின் வீட்டுக்குப் போன் செய்து, இப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்கும். இருக்கிறார் என்று வீட்டில் யாராவது சொன்னால் அஞ்சல் போய்ச் சேரும். இல்லை என்றால் திரும்பி வந்துவிடும்.

சலேத் மேரியின் அஞ்சல் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. ‘அனுப்புநர் என்று யாரும் இல்லை என வீட்டில் தெரிவித்தார்கள்’ என்று அதன் அடியில் எழுதியிருந்தது.

மில்லர்புரத்து வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். அங்கே போன் அடிக்கவும் இல்லை.

அவள் அனுப்பியது ஒரே ஒரு சொல்: ‘வாரும்.’ கணவர் கஸ்பார் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தார். சண்டை போட்டுக்கொண்டு போனவர், வருடக்கணக்கில் ஒரு வரி எழுதாதவர், போன வாரம் எழுதியிருந்தார். ஒப்பந்தம் முடிகிறது, கூப்பிட்டால் வருகிறேன், பதில் இல்லையென்றால் கப்பலோடேயே இருந்துவிடுகிறேன். நடுக்கடலில் இருப்பவரை எட்ட அஞ்சலைத் தவிர வேறு வழியில்லை.

அஞ்சல் பழுது பார்க்கும் எப்சிபா வந்தாள். கணினி முன்னால் உட்கார்ந்து, திரும்பி வந்ததை மேலிருந்து கீழாக வாசித்தாள்.

“கடவுச்சொல் சரியாத்தான் இருக்கு. யாரு போன எடுத்தாங்கன்னு கேட்டுப் பாப்போமாக்கா?”

சர்வர் பதிவு செய்து வைத்திருந்த குரலை ஓடவிட்டாள். பின்னணியில் யாரோ தரை கூட்டும் சத்தம் கேட்டு நின்றது. பிறகு ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: “சலேத் மேரியா? அப்படி இங்க யாரும் இல்லையே.”

“உங்க குரல்தான்” என்றாள் எப்சிபா.

“ஆமா” என்றாள் சலேத்.

எப்சிபா பதிவைத் தேடிப் பார்த்தாள். சலேத் இந்த அஞ்சல் முகவரியை வாங்கியபோது பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் குடியிருந்தாள். கஸ்பார் போன பிறகு அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டாள். வீடு மாறியதைச் சர்வருக்குச் சொல்லவில்லை.

“இப்ப மாத்தலாம். ஆனா அதுக்கும் அந்த வீட்டுல இருக்கவங்க சரின்னு சொல்லணும். நேர்ல போய்ப் பேசிப் பாருங்கக்கா.”

சலேத் அன்று மாலையே போனாள். பூட்டு அவள் போட்டபடியே துருப்பிடித்துத் தொங்கியது. கதவைத் தட்டினாள்.

“தொறந்து வா. சாவி உன்கிட்டதான இருக்கு” என்றது உள்ளேயிருந்து குரல்.

உள்ளே ஈரத் தரையில் அவளேதான் நின்றிருந்தாள். தலையில் ஒரு நரை இல்லை. கஸ்பார் கப்பலேறிய அன்று கட்டியிருந்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். அந்தச் சேலையைச் சலேத் பல நாள் தேடியிருக்கிறாள்.

“ஏன் இல்லைன்னு சொன்ன?”

“நீ இங்கயா இருக்க? இல்லாதவள எப்படி இருக்கான்னு சொல்றது?”

“அவரு வரணும்.”

“போகச் சொன்னது நான். இந்த வாசல்ல நின்னு, இனி நீரு வரவே வேண்டாம்னு சொன்னது நான். அப்புறம் நீ என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டு, சாமான மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்ட.”

“அவரு இல்லாம எனக்கு முடியல” என்றாள் சலேத். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பச்சைச் சேலைக்காரி துடைப்பத்தை மூலையில் சாத்தினாள்.

“இங்க கடல் சத்தம் மட்டுந்தான் கேக்கும். நான் போய்க் கடலப் பாத்துட்டு வாரேன். போன் அடிச்சா நீ எடு. என்ன வேணுமோ சொல்லு.”

அவள் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனாள். சலேத் தன் கைப்பேசியிலிருந்து அஞ்சலை மறுபடி அனுப்பினாள். மரப்பலகை மேலிருந்த கறுப்பு போன் உடனே அடித்தது.

“சலேத் மேரி என்று ஒருவர் அங்கே இருக்கிறாரா?”

“இருக்கா.”

“பேசுவது யார்?”

தனக்குத் தானே சாட்சி சொல்லக்கூடாது என்பது விதி. சலேத் சற்று யோசித்தாள். “இந்த வீட்ல இருக்கவ” என்றாள்.

“நன்றி” என்றது சர்வர்.

கொஞ்ச நேரத்தில் எப்சிபா கூப்பிட்டாள். “போயிருச்சுக்கா. ஆனா நீங்க அங்கயே இருந்துக்கோங்க. ஆள் இல்லைன்னா மறுபடியும் இதே கததான்.”

கடல் பார்க்கப் போனவள் திரும்பவில்லை. சலேத் சமையலறைக்குப் போய் உலை வைத்தாள். மில்லர்புரத்துச் சாமான்களைக் கொண்டுவர அவளுக்குத் தோன்றவில்லை.

கஸ்பார் ஒரு மத்தியான வெயிலில் வந்தார். இளைத்திருந்தார். வாசலில் நின்று, “கூப்பிட்டியாமே” என்றார்.

“ஆமா. உள்ள வாரும்.”

அவர் நிலைப்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் தயங்கித் திரும்பிப் பார்த்தார். வாசல் சந்தின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கச் சுவர்களிலும் உரசாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட அவருடைய கப்பல் வந்து நின்றிருந்தது.

“தனியா இருக்க மாட்டேன்னுட்டுது” என்றார் கஸ்பார்.

சலேத் மாடிக்குப் போய், கப்பலின் உச்சிக் கம்பம் மாட்டிக்கொள்ளாதபடி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள்.