லுவெனியாவின் சுருதி இறங்கிய இடம்

பாட்டின் உச்சிக்கு வரும்போதெல்லாம் லுவெனியாவின் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. அலபாமாவில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றை ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். அவளுடைய முதல் ஆல்பத்தின் மற்ற பாட்டுகளெல்லாம் அங்கே பதிவாகிவிட்டன. இந்த மெதுவான பாட்டு மட்டும் காலையிலிருந்து அடம்பிடித்தது. அதே வரியை ஆர்கன் பக்கத்தில் நின்று சும்மா பாடிக் காட்டினால் சுருதி கம்பிபோல நின்றது. ஹெட்போன் மாட்டி மைக் முன்னால் போனால் இறங்கியது.

பின்பாட்டு பாடும் அர்டெல்லாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒரே சர்ச்சில், ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். தனிப்பாட்டு எப்போதும் லுவெனியாவுக்குத்தான். இங்கேயும் அவள் உள்ளே வந்தால் டிரம்காரன் எழுந்து நாற்காலி போடுவான். அர்டெல்லா தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொள்வாள். ஆல்பத்தின் அட்டைக்காக மஞ்சள் கவுனில் லுவெனியாவைப் படம்கூட எடுத்தாகிவிட்டது. மஞ்சள் அவளுக்கு எடுக்கவே எடுக்காது.

"மறுபடி இறங்குதும்மா," என்றார் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் வெண்டல்.

"நான் இறங்கல. உங்க மெஷின்தான் இறங்குது."

"ஆர்கனை விட்டுட்டு உன்னை மட்டும் இறக்குற மெஷினா?"

"நேத்து பொரிச்ச கெளுத்தி மீனை அந்த வெட்டு வெட்டினாளே," என்றாள் அர்டெல்லா. "அந்த கனம்தான் சுருதியைக் கீழ இழுக்குது."

"நீ பின்னால நின்னு 'ஊ' போட வந்தவ. 'ஊ' மட்டும் போடுடி."

வெண்டல் அலுத்துப்போனார். "அர்டெல்லா, நீ வந்து பாடு. சரியா வந்தா இதை உன் பேர்லயே தனி ரெக்கார்டாப் போட்டுடலாம்."

அர்டெல்லா பறந்து போய் ஹெட்போனை மாட்டினாள். தன் பேர், தன் ரெக்கார்டு! பாடி முடித்துப் போட்டுக் கேட்டார்கள். அதே இடம். அதே மயிரிழை.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்பதற்காக ஹெட்போனை ஒரு காதில் மட்டுமே வைப்பார்கள். இரண்டு காதையும் மூடிக்கொண்டு அவள் பாடியது இதுதான் முதல் தடவை. நீங்களும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பாருங்கள். உங்கள் குரல் மண்டைக்குள்ளேயே தடித்து உருளும். வெளியே அது எப்படிப் போகிறது என்று தெரியாது. அதன்மேல் ஆர்கனும் டிரம்மும் உரக்க விழுந்தால் சுருதியை எதைக் கொண்டு சரிபார்ப்பது? வேகமான பாட்டுகளில் அந்த மயிரிழை தெரியாமல் ஓடிவிடும், இதில் உச்சியை நீட்டிப் பிடிக்க வேண்டும். சர்ச்சில் லுவெனியாவுக்குச் சுவர் இருந்தது. அங்கே போன குரல் திரும்பி வந்து அவள் காதில் விழும்.

அர்டெல்லா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

"லுவெனியா, இதுதான் கடைசி," என்றார் வெண்டல். "வரலேன்னா நாளைக்குக் காலையில மறுபடி அர்டெல்லா."

நாளை வரை அர்டெல்லா இதைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

லுவெனியா தொடங்கினாள். பாட்டில் வரும் பெண்ணின் புருஷன் போய்விட்டான், பழக்கத்தில் இரண்டு தட்டு வைக்கிறாள். 'தட்டு' என்ற சொல்லில் அவள் குரல் லேசாக உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மேலேறியது. அர்டெல்லாவின் கை ரோமம் சிலிர்த்தது. நாற்காலி மேலோ கவுன் மேலோ அவளுக்கு வந்த பொறாமை ஒன்றுமேயில்லை. பொறாமையெல்லாம் இந்தக் குரல் மேல்தான். நாளைக்குத் தான் சுருதி பிசகாமல் பாடலாம். ஆனால் அந்த ரெக்கார்டைப் போடும்போதெல்லாம் தன் காதே அதில் லுவெனியாவைத் தேடும். சாகிறவரை தேடும்.

உச்சியில் சுருதி இறங்கியது. லுவெனியா பாட்டை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அர்டெல்லா விறுவிறுவென்று நடந்து போனாள். "பாழாப்போன குரலை உனக்குப் போய்க் குடுத்தாரே கர்த்தர்!" என்றபடி அவளுடைய ஹெட்போனின் இடது பக்கத்தைப் பிடித்து இழுத்துக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஏய், என்னடி பண்றே?"

"பேசாம பாடு."

லுவெனியா பாடினாள். உச்சி வந்தது. சுருதி அசையவில்லை. ஆர்கன்காரர் கட்டையிலிருந்து கையை எடுக்க மறந்தார்.

"அர்டெல்லா, என்ன செஞ்சே?" என்றார் வெண்டல்.

"ஒரு காதை மூடணும், ஒரு காதைத் தெறந்து வெக்கணும். மூடின காதுல வாத்தியம் கேக்கும், தெறந்த காதுல அவ குரல் அவளுக்கே கேக்கும். எடுத்த பக்கத்தைத் தொங்க விட்டா டிரம் சத்தம் மைக்குக்குள்ள போயிடும். அதனால காதுக்குப் பின்னால எலும்போட சேத்து அழுத்தி வெச்சிருக்கேன்."