இடதுபக்கத்து மிதி

...அதுவும் காலிப் பைதான், உள்ளே ஒன்றுமில்லை, காலையில் அவளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள், அடியில் வெட்டிப்போட்ட நூல்துண்டுகள் நாலைந்து கிடந்தன, அவ்வளவுதான், பிறகு ஏன் இந்தக் கனம் கனக்கிறது, தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறதே... வேலுத்தாய் குத்தவைத்து உட்கார்ந்து கித்தான் பையை இரண்டு கையாலும் மோட்டார் சைக்கிளின் விலாவோடு சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தாள். பச்சைக் கித்தான், ஓரமெல்லாம் தோல், போடியில் மாட்டுக்குக் கழுத்துவார் தைக்கிற ஆளிடம் சொல்லிவைத்து ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய ஜோடி. புதுத்தோல் நாற்றம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் காசிமாயன், அவள் புருசன், கழுத்தை ஒடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் கையை நுழைத்து, இரும்புச் சட்டத்தின் ஓட்டையையும் வண்டியின் ஓட்டையையும் ஒன்று சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று சேர்ந்தால் மற்றொன்று விலகியது. ‘அசையாமப் புடி புள்ள’ என்றான். அவள் அசையவே இல்லை, அசைந்தது அவன் கைதான், ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எதற்கு ஒரு பேச்சு. இன்று என்ன கிழமை என்று அவனுக்கு நினைப்பு இருக்குமா? மாசத்தின் முதல் ஞாயிறு என்று இருக்குமா? இருக்கும், அவன் எதையும் மறக்கிறவன் இல்லை, மறந்த மாதிரி இருக்கத்தான் தெரியும்.

முதல் பை, புகைக்குழாய்ப் பக்கத்துப் பை, ஒருவழியாக ஏறிவிட்டது. சூடு படாமல் இருக்க நடுவில் ஒரு தகரத்தை வெட்டி வைத்திருந்தான். எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான். எத்தனை நாளாக யோசித்தான், எந்த நேரத்தில், பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமல்... நாளையிலிருந்து அவனுக்கு மலையில் சோலி. பூப்பாறையில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தங்கிக்கொண்டு, தோட்டந்தோட்டமாகப் போய் காயில் மாதிரிக்கு ஒரு பிடி எடுத்து, துணி முடிப்பாகக் கட்டி, தோட்டத்தின் பேரை எழுதி, சனிக்கிழமை போடியில் கமிஷன் கடையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பைகள். போன வருசம் மழை மொத்தமாகப் பொய்த்து, ராசிங்காபுரத்துக் கிணறெல்லாம் பாறை தெரிய வற்றி, அவர்களுடைய வாழை நின்றபடியே கருகியபோது அவன் போயிருந்தால் சரி, ஊர் பாதி அப்படித்தான் ஜீப்பில் ஏறி மலைக்குப் போனது. அப்போது போகவில்லை. இப்போது கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது, வரப்பில் புல் முளைத்திருக்கிறது, இப்போது போகிறான். அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று சில கேள்விகளை அவள் கேட்பதே இல்லை.

கல்யாணமாகிப் பதினாலு வருசம். அதில் நாலு வருசத்தைத் தனியாகப் பிரித்து எடுத்து வைக்கலாம், இந்த வண்டி வந்த பிறகான நாலு வருசம். கம்பத்தில் ஒரு வாத்தியாரிடம் வாங்கிய பழைய ராஜ்தூத், வாங்கியதே அவளுக்காகத்தான், பூப்பாறைக்கு அந்தாண்டை இருந்த மலையாள வைத்தியரிடம் மாசத்து முதல் ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போவதற்காக. பஸ்சில் போனால் வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டும். வண்டியில் குமட்டவில்லை. இடதுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்த கம்பிவலைக்குக் கீழே அந்தச் சின்ன இரும்பு மிதியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொள்வாள். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் காற்று மாறும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போடி ஊர் கீழே இன்னும் கொஞ்சம் சின்னதாகும், கோயில் எது கடை எது என்று தெரியாமல் வெள்ளைப் பொடியாக... போடிமெட்டில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுப்பான், அங்கேதான் அவன் பேசுவான், வீட்டில் ஒரு மாசத்துக்குப் பேசாததையெல்லாம் அந்த மூடுபனியில் கண்ணாடித் தம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு பேசுவான், சின்ன வயசில் மாடு முட்டியது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ரயிலடியில் உட்கார்ந்திருந்தது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் செருப்பு அறுந்தது. வைத்தியர் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். ‘நோக்காம்’ என்பார், பார்க்கலாம் என்று. ‘பேடிக்கண்டா’ என்பார். பயப்படாதே என்று அர்த்தம், காசிமாயன்தான் சொன்னான். அடுப்பில் கசாயம் கொதிக்கும்போதெல்லாம் அவள் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்வாள், பேடிக்கண்டா, பேடிக்கண்டா... வாய் கோணும் கசப்பு. ஆனாலும் ஒருநாள் விட்டதில்லை. பங்குனியில் போனபோது வைத்தியர் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவனை மட்டும் வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். ஜன்னல் வழியாக அவனுடைய முதுகு தெரிந்தது. அன்றைக்குத் திரும்பும்போது போடிமெட்டில் வண்டியை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு போகவும் இல்லை. அஞ்சு மாசம்.

‘என்னப்பா, வண்டிக்குக் கூடையெல்லாம் கட்டியாச்சா’ என்று பாண்டியம்மாள் வந்தாள். காசிமாயனுடைய அக்கா, இரண்டு வீடு தள்ளித்தான் வீடு, புளி இருக்கிறதா என்று கேட்க வந்தவள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இடதுபக்கம் நின்றாள். ‘இந்தப் பக்கம் எப்பிடி மாட்டுவ? சேலைக் கம்பி இடிக்குமே?’

‘அதக் கழட்டணும்க்கா’ என்றான் அவன், ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு.

‘கழட்டு, கழட்டு. வைத்தியர்ட்டப் போறதுதான் நின்னு போச்சுல்ல, பெறகு அந்த மிதி எதுக்கு?’ வேலுத்தாயின் பக்கம் திரும்பி, குரலை இளக்கி, ‘ஒன்னயச் சொல்லி என்னத்தா பண்ண. ஒங்க ஆத்தா வழியில அப்பிடி. ஆம்பளைக்கு ஒரு வாரிசு வேணும்ல. எம்மக செல்லக்கிளிக்கு இந்த ஆவணியோட பதினெட்டு முடியிது, வேத்து ஆளு இல்ல, ஒனக்கும் ஒரு மக மாதிரி ஒத்தாசையா...’ என்றாள்.

‘அக்கா, புளி உள்ள கெடக்கு, எடுத்துட்டுப் போ’ என்றான் காசிமாயன். அதட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாண்டியம்மாள் புளியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். வேலுத்தாய் பையைப் பிடித்தபடியே இருந்தாள், பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, முதல் பை மாட்டி முடிந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. போறது நின்னு போச்சுல்ல... அப்படியென்றால் மதினிக்குத் தெரிந்திருக்கிறது. வைத்தியர் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னது என்னவென்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறான், அஞ்சு மாசமாக ஒரே பாயில் படுக்கிறவளுக்குச் சொல்லவில்லை. என்ன சொல்லியிருப்பார்? காய்ந்துவிட்டது என்றிருப்பார். கசாயத்தை நிறுத்திவிடு, வீண் என்றிருப்பார். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லையா, இரக்கமா, இல்லை இனி இவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்றா...

மிதியின் போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. அவன் ஸ்பானரைப் போட்டு இழுத்தான், மிதியும் சேர்ந்து சுற்றியது. மண்ணெண்ணெய் விட்டான், சுத்தியலால் தட்டினான், மறுபடி இழுத்தான். நெற்றியில் வேர்வை. ‘இந்தா, இது மேல காலை வச்சு நல்லா அமுக்கு’ என்றான். அவள் எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, வலது காலை அந்த மிதியில் வைத்தாள். பழக்கமான குளிர்ச்சி. அவள் குதிகால் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது, அதை அவள் இதுவரை பார்த்ததில்லை, காலுக்குத்தான் தெரியும். ‘அமுக்கு’ என்றான். அமுக்கினாள். உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன்மேல் போட்டாள், போட்டபடி அவனுடைய உச்சந்தலையைப் பார்த்தாள், நரை விழுந்திருக்கிறது, எப்போது விழுந்தது, அவள் காலடியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிற இந்த ஆள் யார்... கிறீச்சென்று ஒரு சத்தம், நட்டு இளகியது. இளகிய பிறகு விரலாலேயே திருகி எடுத்தான். எவ்வளவு லேசாக வந்துவிட்டது.

அவள் காலை எடுக்கவில்லை. ‘மாமா, வைத்தியர் அன்னைக்கி என்னதான் சொன்னாரு?’ கேட்டுவிட்டாள். அவளே எதிர்பார்க்கவில்லை.

அவன் நட்டைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். ‘கொறை ஒங்கிட்ட இல்ல வேலு’ என்றான்.

தெருவில் ஒரு ஜீப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது, சத்தம் அடங்கியதும் சொன்னான். ‘என்னயப் போயி டெஸ்ட்டு எடுத்துட்டு வரச் சொன்னாரு. மோட்டாருக்குச் சாமான் வாங்கணும்னு ரயில் ஏறி மதுரைக்குப் போனேன்ல, அதுக்குத்தான். வித்துல உசுரு ஒண்ணுமே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாக. மறுபடி தனியாப் போயி அவர்ட்ட காட்டுனேன். இதுக்கு மருந்து இல்லேன்னுட்டாரு.’

‘மதினிட்ட?’

‘அக்காட்ட நா ஒண்ணும் சொல்லல. போறத நிறுத்தியாச்சுன்னுதான் சொன்னேன். கொறை ஒங்கிட்டதான்னு அதுவா நெனச்சுக்கிச்சு.’ அவன் இன்னும் நிமிரவில்லை. ‘செல்லக்கிளி பேச்ச எடுத்தா, அவரு மலையில இருக்காரு, வந்தாப் பேசிக்கிரலாம்னு சொல்லிரு. நா போடிக்கு எறங்குனாலும் வெரசா வீட்டுக்கு வர மாட்டேன்.’

என்ன சொல்ல வேண்டும் இப்போது? அழ வேண்டுமா? பதினாலு வருசமாக ஊர் சொன்னது, விசேச வீட்டில் தாம்பூலத் தட்டு அவளைத் தாண்டிப் போனது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி, அத்தனை கசாயமும்... கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் பிடரியில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, அதை எடுத்துப் போட்டாள். தன்மேல் குறை இருந்தவரை செய்வதற்கு அவளுக்கு ஏதோ ஒன்று இருந்தது, குடிக்க, விரதமிருக்க, மலை ஏற. இனி எதற்கு எழுந்து அடுப்பில் எதை வைப்பது? ‘அந்த வாசரக் கொண்டா’ என்றான். கொடுத்தாள். கம்பிவலையும் மிதியும் இருந்த இடத்தில் இரண்டாவது பை ஏறியது. சீட்டுக்கு மேலே தோல்வாரை இழுத்துக் கட்டினான், பின்னால் ஒரு ஆள் உட்கார்கிற இடத்தில் குறுக்கே கொக்கி வந்தது. நாளைக்குத்தான் போக வேண்டும், ஆனால் இன்றைக்கே கிளம்புகிறேன் என்றான். வெயில் ஏறுமுன் முந்தல் தாண்டிவிடலாமாம். ஒரு பையில் வேட்டி சட்டை, போர்வை, இன்னொன்றில் சோற்றுப் போணி. அவள்தான் எடுத்து வைத்தாள். ‘வர்றேன்’ என்றான். எப்போது என்று சொல்லவில்லை. வண்டி பொதி ஏற்றிய கழுதை மாதிரி அகலமாகத் தெருமுனையில் திரும்பிப் போனது.

வாசலில் எண்ணெய்க் கறையும் துருத்தூளும் கிடந்தன. தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். செல்லக்கிளி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள், பதினெட்டு வயசுக்குச் சின்ன முகம், காதோரம் சீயக்காய்த்தூள் ஒட்டியிருந்தது. ‘அத்தே, மாமா போயிட்டாரா? எங்காத்தா ஒங்ககிட்ட எதுவும் பேசுச்சா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நிலத்தைப் பார்த்தாள். வெட்கமா, பயமா? கேட்டுவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, இப்போதே இங்கேயே சொன்னால் இந்தப் பெண் பிழைத்துக்கொள்ளும். சொன்னால் சாயந்திரத்துக்குள் ஊருக்குத் தெரியும், அவன் வீட்டுக்கு வரவே மாட்டான். சொல்லாவிட்டால் பாண்டியம்மாள் விடமாட்டாள், இழுத்து வந்தாவது தாலியைக் கட்டவைப்பாள், அவன் எதையும் மறுக்கத் தெரியாதவன்... ‘உக்காருத்தா, தலையத் தொவட்டி விடுறேன்’ என்றாள். செல்லக்கிளி திரும்பி உட்கார்ந்து முடியை முதுகில் விரித்துப் போட்டாள். அடர்த்தியான முடி. துண்டால் பிழிந்து பிழிந்து துவட்டினாள், இப்போது சொல்லலாம், முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம், சொல்... வரட்டுமே, இவளும் வரட்டும், வந்து இவளுக்கும் ஒன்றும் பிறக்காமல் போகட்டும், அப்போது தெரியும் எல்லாருக்கும். கை நின்றது. யார் நினைத்தது அதை? அவளா? எத்தனை வருசமாக உள்ளே இருந்தது அது, ஒரு சத்தமும் காட்டாமல்... ‘என்னத்தே?’ என்றாள் செல்லக்கிளி, திரும்பாமல். ‘ஒண்ணுமில்லத்தா’ என்றாள் வேலுத்தாய். ஒண்ணுமில்லை என்று சொல்லும்போது தன் குரல் எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது அவளுக்கே கேட்டது.