படத்துக்கு மட்டும் ஒரு மாப்பிள்ளை

டிசம்பர் வந்துவிட்டால் என் ஸ்டுடியோவில் பொய்ச் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. ஒரே கலரில் உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். படியேறும்போது கேட்கிற சண்டை, கதவைத் திறந்ததும் சட்டென்று நின்றுவிடும். அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லையென்றால் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்துவேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாதென்றால் இருவரையும் தோளைத் திருப்பி நிற்கச் சொல்வேன், உடம்பு ஒட்டாமலே முகங்கள் நெருங்கிவிடும். யாருக்கு யாரோடு ஆகாது என்று நான் கேட்பதே கிடையாது. யார் யாரை விட்டுத் தள்ளி ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். படம் கைக்கு வந்ததும், "எவ்வளவு ஒத்துமையா இருக்கோம் பாருங்க" என்று அவர்களே அசந்துபோவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பில் போடுவேன்.

ஊரார் பொய்யை இத்தனை அழகாக எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சொந்த வீட்டுப் பொய் மட்டும் தொண்டையில் சிக்குகிறது. என்ன செய்ய?

எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் குடும்பப் படம் உண்டு. என்ன கலர் என்பதை அம்மா நவம்பரிலேயே அறிவித்துவிடுவாள். நான் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய் என் இடத்தில் நிற்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் படம் குடும்ப குரூப்பில் போயாக வேண்டும். அதற்கு வருகிற இதயங்களையும் கைகூப்பல்களையும் பார்த்துக்கொண்டே அம்மா அன்றைய மிச்சப் பொழுதை ஓட்டுவாள். போன் சூடாகிவிடும், அவள் கீழே வைக்க மாட்டாள்.

இந்த வருஷக் கலர் மெரூன். இந்த வருஷம் எனக்கு டைவர்ஸும் ஆகியிருந்தது.

என் முன்னாள் கணவன். எழுதவே சுகமாக இருக்கிறது. அவன் வேறொருத்தியோடு வேறொரு வீட்டில் குடியேறி வெகு நாளாகிவிட்டது. கோர்ட்டும் போதும் என்று சொல்லிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் போதவில்லை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றாள். முதலில், "தம்பி கல்யாணம் முடியட்டும்." பிறகு, "அத்தைக்கு ஆபரேஷன் முடியட்டும்." இப்போது, "கிறிஸ்துமஸ் முடியட்டும்." என் கல்யாணம் முடிந்ததை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

அவளுக்கென்ன, சொல்லாமல் இருப்பது சுலபம். சொல்லாததன் பலனை அனுபவிக்கிறவள் நான். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவர் ஏன் வரவில்லை என்பார்கள். விசேஷம் ஒன்றும் இல்லையா என்பார்கள். நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று நம்பர் தருவார்கள். அழுவதற்குக்கூட வழியில்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? செத்த கல்யாணத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தூங்குது தூங்குது என்று சொல்லித் திரிந்துகொண்டிருந்தேன். அதனால் போனில் அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்.

"நான் வரணும்னா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீயே உன் வாயால சொல்லணும். சொல்லலைன்னா நான் வரலை."

"சரிடி, சரிடி. நீ முதல்ல வா. மெரூன் மறந்துடாத."

அம்மா இரண்டு தரம் "சரி" சொன்னால் உஷாராக வேண்டும். நான் உஷாராகவில்லை.

கேமரா பையோடு உள்ளே நுழைந்தால், ஹாலில், அப்பாகூட உட்காரக் கூடாத அந்த நல்ல நாற்காலியில், மெரூன் சட்டை போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான் அவன். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அம்மா வாங்கிக் கொடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வா வா, டிராஃபிக்கா?" என்றான், தன் வீட்டுக்கு நான் விருந்துக்கு வந்ததுபோல.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்பில் கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி வெங்காயம் வெட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவனை யாரும்மா கூப்பிட்டது?"

"மெதுவாப் பேசு. அத்தை வந்திருக்காங்க."

"யார் கூப்பிட்டதுன்னு கேக்குறேன்."

"நான்தான் போன் பண்ணேன். ஒரு நாள்தானேடி. சாப்பிட்டு, படத்துக்கு நின்னுட்டுப் போயிடுவாரு. சாயங்காலம் அவருக்கு இன்னொரு இடத்துல சாப்பாடு இருக்காம்."

"அந்த இன்னொரு இடம் எதுன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கெதுக்குடி அதெல்லாம்?" என்று அம்மா கரண்டியைக் கழுவப் போனாள். "கூப்பிட்டதும் மரியாதையா வந்தாரு. உன்னை மாதிரி ஆயிரம் கேள்வி கேக்கலை."

ஏன் கேட்கப் போகிறான்? ஓசியில் சட்டை, ஓசியில் சாப்பாடு, போதாததற்கு மாப்பிள்ளை மரியாதை. தம்பி மனைவியைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு. அப்பாவிடம் போனேன். அவர் டிவி ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாகிட்ட கேளும்மா" என்றார். எங்கள் வீட்டில் அப்பாவின் சொந்தக் கருத்து என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்களுக்குள் ஸ்பீக்கர் அத்தை. காதில் விழுந்தது எதுவும் அவரிடம் தங்காது, பொழுது விடிவதற்குள் நாலு ஊருக்குப் போய்விடும். அம்மாவின் இத்தனை நாடகமும் அந்த ஒரு மனுஷிக்காகத்தான். அன்று அத்தை சோபாவில் சாய்ந்துகொண்டு, அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ஜெபம் செய்தாள். சமைத்த கைகளுக்கு நன்றி, கூடிவந்த பிள்ளைகளுக்கு நன்றி என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று குரல் தழுதழுத்து, "என் மகளுக்கும் மருமகனுக்கும் வருகிற வருஷத்திலாவது ஒரு குழந்தைப் பாக்கியம் தாரும் ஆண்டவரே" என்றாள்.

"ஆமென்" என்றான் அவன். வீட்டிலேயே சத்தமான ஆமென் அதுதான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கடவுளிடமே புளுகுகிறவளிடம் நான் என்ன எதிர்பார்த்துக்கொண்டு வந்தேன்? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழியின் முதல் காலை அவன் தட்டில் வைத்தாள். இரண்டாவது காலையும் வைத்தாள். எனக்குக் கழுத்து வந்தது.

"மாப்பிள்ளை இளைச்சாப்ல தெரியலையே," என்றார் அத்தை. "போற இடத்துல சாப்பாடெல்லாம் வேளாவேளைக்குக் கிடைக்குதோ?"

"நல்லா கிடைக்குது அத்தை."

"கிடைக்கட்டும், கிடைக்கட்டும்."

தம்பிக்குப் புரையேறியது. அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று கண்ணால் கேட்டேன். அம்மா, "யாருக்குக் குழம்பு?" என்றாள். திரும்பவும் பார்த்தேன். "யாருக்குச் சோறு?" என்றாள். இப்படியே கேக் வரைக்கும் வந்துவிட்டோம்.

படத்துக்கு எல்லோரையும் ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன். வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது. அத்தையையும் அப்பாவையும் முன்னால் உட்காரவைத்தேன். தம்பியையும் அவன் மனைவியையும் பின்னால் தோளைத் திருப்பி நிற்கச் சொன்னேன். காலையிலிருந்து அவர்களுக்குள்ளும் ஏதோ உரசல், கேட்கவில்லை. அம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை, அவ வந்து நின்னதும் தோள்ல கையைப் போட்டுக்கோங்க. போன வருஷம் ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்னுட்டீங்க, நல்லாவே இல்லை."

அவன் கையைத் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டான்.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்று அந்தக் கையைப் பார்த்தேன். டைமரை வைக்கவில்லை. "எல்லாரும் இங்க பாருங்க" என்று சொல்லி நானே அமுக்கினேன். இன்னொன்றும் எடுத்தேன். கேட்பார்கள், நீ வரலையா என்று யாராவது ஒருத்தராவது கேட்பார்கள் என்று நின்றேன்.

எல்லோரும் கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொருத்தரும் தன் மூஞ்சியைத் தேடினார்கள். தம்பி தன் தொப்பையைப் பார்த்தான். அத்தை தன் ஒரு கண் சின்னதாகத் தெரிகிறது என்றார். அம்மா தன்னைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். உண்மையிலேயே அவள் அதில் அழகாக விழுந்திருந்தாள், ஜன்னல் வெளிச்சம் பத்து வயதைக் குறைத்திருந்தது.

"இத்தனை வருஷத்துல இதுதான்டி படம். எல்லாரும் இருக்கோம், ஒரு குறையில்லை. சீக்கிரம் குரூப்ல போடு."

எல்லாரும் இருக்கோம். பெற்ற மகள் இல்லை, அவளை விட்டுப் போனவன் நட்ட நடுவில் இருக்கிறான், ஒரு குறையில்லை. எனக்கு அப்படி வலிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எரிச்சல், கோபம் எல்லாம் பழகிவிட்டது. இது வேறு. அங்கேயே அழுதிருப்பேன், ஆனால் அவன் முன்னால் அழுவதைவிடக் கேமராவை முழுங்கலாம்.

அவன் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அம்மா சமையலறையிலிருந்து ஒரு முழுக் கேக்கைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். "அங்க போய்ச் சாப்பிடுங்க மாப்பிள்ளை." அங்கே என்றால் எங்கே என்று அவளுக்கா தெரியாது? என் வீட்டைக் காலி பண்ணினவளுக்கு என் அம்மா கையால் சுட்ட கேக்.

"படம் எங்கடி? எல்லாரும் குரூப்ல கேக்குறாங்க பாரு" என்றாள் அம்மா போனை ஆட்டிக்கொண்டு.

"அனுப்புறேன். நீ சொன்னதும் அனுப்புறேன்."

"என்ன சொல்லணும்?"

"போன்ல சரி சரின்னியே, அது. சொல்லு. இல்லைன்னா இங்கேயே அழிச்சிடுவேன்." அழிக்கிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டேன்.

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததைவிடக் கேமராவை அதிக நேரம் பார்த்தாள். அந்தப் படத்தை இழக்க அவளுக்கு மனசில்லை. அதை நான் கண்கூடாகப் பார்த்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என் பொண்ணுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு," என்றாள். "இவரு இப்ப எங்க வீட்டு மாப்பிள்ளை இல்லை. போதுமா? உன் நெஞ்சு குளிர்ந்துச்சா? இப்ப அனுப்பு."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அதிர்ச்சி.

அத்தை நிதானமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டார். "இது தெரிஞ்ச கதைதானேம்மா. அந்தக் கோர்ட்ல டைப் அடிக்கிறவ என் மருமகளோட தங்கச்சி. தீர்ப்பு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். நீ மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு உருகுறதைப் பாத்துட்டு, பாவம், உனக்குத்தான் இன்னும் சொல்லலை போலன்னு நான் வாயையே திறக்கலை. குரூப்லகூட எல்லாருக்கும் சொல்லி வச்சேன், அவகிட்ட யாரும் கேட்டுடாதீங்கன்னு."

அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். அவன் மனைவியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள். இத்தனை மாதமாக ஊரையே ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த அம்மாவை, ஊரே சேர்ந்து பரிதாபப்பட்டு ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி அவள் குரூப்பில் போட்டதற்கெல்லாம் விழுந்த இதயங்கள், கைகூப்பல்கள் எல்லாம் எதற்காக வந்தன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப இந்தாளை நான் எதுக்குக் கூப்பிட்டேன்?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவன் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்று, "அப்ப நான் வரேன் அத்தை. கேக்குக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றான் அம்மாவிடம்.

அம்மா எழுந்தாள். விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். அவன் கையிலிருந்த பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இது என் பொண்ணுக்கு" என்றாள்.

அவன் போன பிறகும் அம்மா பொட்டலத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். என் மேல் உள்ள பாசத்தில் பிடுங்கினாளா, வீணாய்ப்போன உபசாரத்தின் ஆத்திரத்தில் பிடுங்கினாளா என்று எனக்குத் தெரியாது, அவளைக் கேட்டாலும் தெரியாது. நான் போய் அதை வாங்கிப் பிரித்தேன். தட்டுக்குக்கூடக் காத்திருக்காமல், அங்கேயே நின்று, ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து எனக்கு நல்ல பசி.